முத்திரை இல்லாத மெட்டுகள்

பிளவக்கல் பெரியாறு அணைக்கரையில் நின்று மேற்கே நோக்கினால் மலை ஒரு மதில்போல எழுந்து நிற்கிறது. மதிலுக்கு இந்தப் பக்கம் வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம். அந்தப் பக்கம் வருசநாடு. அதையும் கடந்தால் கம்பம் பள்ளத்தாக்கு. நாங்கள் நால்வர் ஒரு பங்குனி மாலையில் அந்தக் கரையில் அமர்ந்திருந்தோம். நண்பர் ஒருவர் தம் கைபேசியிலிருந்து ஓர் இசைத் துண்டை ஒலிக்க விட்டார். முதலில் ஒரு புல்லாங்குழல். அதைத் தொடர்ந்து நாட்டுப்புற நடையில் ஒரு பிடில். பிறகு மின்கிதாரும் முரசுகளும் சேர்ந்துகொள்ள, ஏழு எண்ணிக்கையில் நடை மாறிப் பாய்ந்தது அந்த இசை.

எந்த நாட்டு இசை என்று கேட்டார் நண்பர். அயர்லாந்து என்றார் ஒருவர். எழுபதுகளின் இங்கிலாந்து என்றார் மற்றொருவர். நண்பர் சிரித்தார். மெட்டுக்குச் சொந்த ஊர் ஜப்பான். அது முதலில் ஒலித்தது ஒரு வீடியோ கேமில்.

திரும்பும் வழியில், சாலையோரக் கிராமம் ஒன்றில் கொடை நடந்துகொண்டிருந்தது. நையாண்டி மேளக்காரர்கள் இளையராஜாவின் திரைப்பாடல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தனர். வண்டியை நிறுத்திக் கேட்டோம். ஒரே மாலையில் கேட்ட இவ்விரண்டு இசைகளுக்கும் ஓர் உறவு உண்டு என்று அன்று இரவு எங்களுக்குத் தோன்றியது. அந்த உறவைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

மூன்று குரல்களின் உலகம்

வீடியோ கேம் இசை என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்கள் உண்டு என்பதை நாம் அறிவோம். பிள்ளைகள் பொத்தானைத் தட்டும்போது கீச்கீச்சென்று ஒலிப்பதெல்லாம் இசையா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். விடை காண, அந்தக் கீச்சொலி எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் விளையாட்டுப் பெட்டியில் ஒலிக்கென்று இருந்தவை ஐந்து தடங்கள் மட்டுமே. இரண்டு தடங்கள் மெட்டுக்கும் துணைமெட்டுக்கும். மூன்றாவது, கீழ்ச்சுரங்களுக்கு. அதன் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது; ஒலிக்கும், அல்லது நிற்கும். நான்காவது வெறும் இரைச்சல். தாளத்துக்கு அதுவே கதி. ஐந்தாவது தடத்தில் பதிவு செய்த சிறு ஒலித்துணுக்குகளை இசைக்கலாம். ஆக, சுரம் பாட இருந்தவை மூன்றே குரல்கள்.

மூன்று குரல்களை வைத்துக்கொண்டு முழு இசைக்குழுவின் மாயையை உண்டாக்க அக்கால இசையமைப்பாளர்கள் பல உத்திகளைக் கையாண்டனர். ஒரு குரலிலேயே மூன்று சுரங்களை மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலித்தால், காது அதை ஒரு சுரக்கூட்டாக எடுத்துக்கொள்ளும். ஒரே மெட்டை இரண்டாம் குரலில் சற்றுத் தாமதமாக ஒலித்தால் எதிரொலி கேட்கும். நினைவகம் மிகச் சிறியது. நீண்ட இசைக்கு அதில் இடமில்லை. ஒரு நிமிட மெட்டைச் சுழற்றிச் சுழற்றி ஒலிக்க வேண்டும். நூறாவது சுற்றிலும் அது சலிக்கக் கூடாது.

இந்த நெருக்கடியில் பிழைத்திருக்கக் கூடியது ஒன்றே ஒன்றுதான்: வலுவான மெட்டு. அலங்காரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழியே இல்லை. நாற்று நடும் பெண்ணின் பாட்டும் அப்படிப்பட்டதுதானே? துணைக்கருவி இல்லை, சுருதிப்பெட்டி இல்லை. சில சுரங்கள், திரும்பத் திரும்ப வரும் ஒரு சுற்று, அவ்வளவே. நாட்டுப்பாட்டின் எளிமையை வாழ்க்கை கொடுத்தது. கேம் இசையின் எளிமையை இயந்திரம் கொடுத்தது. பிறந்த இடம் வேறு, உடற்கட்டு ஒன்று.

இரண்டுக்கும் இன்னோர் ஒற்றுமையும் உண்டு. இக்கட்டுரையின் மையமும் அதுவே.

ஜேம்ஸ் பனானா என்றொருவர்

1986இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘காசில்வேனியா’ உலகப் புகழ்பெற்ற விளையாட்டு. டிராகுலாவின் கோட்டைக்குள் சவுக்கோடு நுழையும் வீரனின் கதை. அதன் மெட்டுகளை இன்றும் ராக் இசைக்குழுக்கள் மேடையில் வாசிக்கின்றன. விளையாட்டை முடிப்பவர் திரையில் இசையமைத்தவர் பெயராகக் காண்பது, ஜேம்ஸ் பனானா! திகில் படங்களுக்கு இசையமைத்த ஆங்கிலேயர் ஜேம்ஸ் பெர்னார்டின் பெயரைக் கேலியாகத் திரித்த பெயர் அது. உண்மையில் அந்த இசையை அமைத்தவர்கள் கினுயோ யமஷிதா, சதோயே தெராஷிமா என்னும் இரண்டு இளம்பெண்கள்.

இது தனி நிகழ்வன்று. 1987இல் காப்காம் நிறுவனத்தின் ‘ராக்மேன்’ விளையாட்டுக்கு இசையமைத்த மனாமி மட்சுமயேவும் விளையாட்டுப் பெயரொன்றின் பின்னால்தான் மறைந்திருந்தார். திறமையானவர்களைப் போட்டி நிறுவனங்கள் தம் பக்கம் இழுத்துவிடக் கூடாது என்பது முதலாளிகளின் கவலை. ஆகவே உண்மைப் பெயர்கள் வெளியே வரவில்லை. பல நிறுவனங்களில் எல்லாருடைய இசையும் ஒரு குழுப்பெயரின் கீழ் வெளிவந்தது. கோடிக்கணக்கான பிள்ளைகள் முணுமுணுத்த மெட்டுகளுக்குத் தாய் தந்தையர் யாரென்று பல ஆண்டுகள் உலகுக்குத் தெரியவில்லை.

மெட்டு ஊரறிந்தது, இயற்றியவர் பெயர் யாரும் அறியாதது. இதை வாசிக்கும்போது நமக்குத் தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் நினைவுக்கு வராமல் போகுமா?

இயந்திரத்திலிருந்து மேடைக்கு

மெட்டுகள் இயந்திரத்தை விட்டு வெளியேறத் தொடங்கியது 1984இல். ஜப்பானின் புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஹருவோமி ஹொசோனோ, நாம்கோ நிறுவனத்தின் விளையாட்டு இசையைத் தொகுத்து ஓர் இசைத்தட்டாக வெளியிட்டார். 1987இல் கொய்ச்சி சுகியாமா தாம் இயற்றிய ‘டிராகன் குவெஸ்ட்’ இசையை டோக்கியோவின் சன்டோரி ஹால் அரங்கில் மேலைச் செவ்வியல் இசைக்குழுவைக் கொண்டு வாசிக்கச் செய்தார்.

நம் தலைப்புக்கு நெருக்கமான திருப்பம் 1991இல் நேர்ந்தது. நொபுவோ உவேமட்சு ‘ஃபைனல் ஃபேண்டஸி’ வரிசையின் நான்காம் விளையாட்டுக்கு அமைத்த இசை, அயர்லாந்து நாட்டுப்புறக் கலைஞர்களின் கைகளுக்குப் போயிற்று. பிடில் கலைஞர் மோய்ரா பிரானக் முதலானோர் பங்கேற்ற அந்த இசைத்தட்டின் பெயர் ‘செல்டிக் மூன்’. ஜப்பானியர் இயற்றிய மெட்டு, ஐரிஷ் பிடிலில் ஏறியதும், முந்நூறு ஆண்டுகளாக அந்த ஊரிலேயே கிடந்ததுபோல ஒலித்தது. 1998இல் யசுனோரி மிட்சுதா ‘ஸீனோகியர்ஸ்’ விளையாட்டுக்குத் தாம் அமைத்த இசையை ‘கிரீட்’ என்ற தட்டில் இதே வழியில், ஆனால் மின்கருவிகளையும் முரசுகளையும் கூட்டி, மறு ஆக்கம் செய்தார்.

இந்த இடத்தில் புரோகிரசிவ் ராக் என்னும் இசைவகையைப் பற்றிச் சில சொற்கள். அறுபதுகளின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான வகை இது. மூன்று நிமிடப் பாட்டோடு நின்றுவிடாமல், நம் ராகமாலிகைபோலப் பல பகுதிகளாக விரியும். நான்கு எண்ணிக்கையிலேயே அடங்காமல் ஐந்துக்கும் ஏழுக்கும் தாவும். கண்டமும் மிச்ரமும் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. மேலை ராக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது புதுமை. பிறர் இசையை எடுத்து மாற்றி அமைப்பதும் இவ்வகையின் பிறவிக் குணம். எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற மூவர் குழு, ருஷ்ய இசைமேதை முசோர்க்ஸ்கி 1874இல் பியானோவுக்கு எழுதிய ஒரு தொகுப்பை 1971இல் மின்கருவிகளில் முழுநீள இசைத்தட்டாக்கியது. ஜெத்ரோ டல் குழு 1969இல் பாக்கின் மெட்டொன்றைப் புல்லாங்குழலில் வாசித்தது. 1977இல் இங்கிலாந்தின் நாட்டுப்புற மணம் கமழும் ‘சாங்ஸ் ஃப்ரம் தி வுட்’ தட்டை வெளியிட்டது.

இந்த இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த ஜப்பானிய இளைஞர்கள் சிலர்தாம் பின்னர் கேம் நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்தனர். மொட்டொய் சகுராபா 1988இல் தம் புரோகிரசிவ் குழுவான ‘தேஜா வூ’வின் தட்டை வெளியிட்டவர், பிறகு கேம் இசைக்கு வந்தார். உவேமட்சு 1994இல் ஆறாவது ‘ஃபைனல் ஃபேண்டஸி’யின் இறுதிப் போருக்கு அமைத்த இசை, நான்கு பகுதிகளாகச் சுமார் பதினேழு நிமிடம் நீள்வது, தேவாலய ஆர்கன் ஒலியில் எழுபதுகளின் இங்கிலாந்தை நினைவூட்டுவது. பின்னர் அவரும் சக இசையமைப்பாளர்கள் சிலரும் ‘பிளாக் மேஜஸ்’ என்ற ராக் குழுவைத் தொடங்கி, தம் கேம் இசையை மேடையில் வாசித்தனர். 2010இல் அக்குழு கலைந்தது.

ஆகவே, கேம் இசையை நாட்டுப்புறச் சாயலுள்ள புரோகிரசிவ் ராக்காக மாற்றுவது ஏதோ விசித்திரமான கலப்பு என்று எண்ண வேண்டியதில்லை. மெட்டின் எலும்பு நாட்டுப்பாட்டினுடையது. இயற்றியவர் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது ராக். சில்லுக்குள் அடைபட்டுக் கிடந்த இரண்டும் வெளியே வந்தன, அவ்வளவுதான்.

இன்னும் தெளிவான சான்று வேண்டுமெனில் ‘டெட்ரிஸ்’ இருக்கிறது. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் அந்த விளையாட்டை 1984இல் மாஸ்கோவில் உருவாக்கியவர் அலெக்ஸி பஜித்னோவ். 1989இல் அது நின்டெண்டோவின் கையடக்கப் பெட்டியில் வந்தபோது, ஹிரோகாசு தனகா அதற்கென ஒரு ருஷ்ய நாட்டுப்புற மெட்டை மூன்று நான்கு குரல்களுக்குள் மடக்கி வைத்தார். ‘கொரபேய்னிகி’ என்னும் அப்பாட்டின் சொற்கள், தலைச்சுமை வணிகரைப் பற்றி நெக்ரசோவ் 1861இல் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. இன்று ராக் குழுக்கள் அதை ‘டெட்ரிஸ் இசை’ என்றே வாசிக்கின்றன. நெக்ரசோவின் பெயர் நூலில் இருக்கிறது. மெட்டைப் பாடிப் பாடி உருட்டித் தந்த ருஷ்யக் கிராமத்தார் பெயர் எங்கே இருக்கிறது?

எட்டயபுரத்தில் ஒரு வெள்ளைக்கார மெட்டு

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிழக்கே சிவகாசி, சாத்தூர், பிறகு தெற்கே கோவில்பட்டி என்று போனால் எட்டயபுரம் வரும். பாரதி பிறந்த ஊர் என்று அறிவோம். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்த ஊரும் அதுவே.

தீட்சிதரின் இளமையில் ஒரு பகுதி சென்னையை அடுத்த மணலியில் கழிந்தது. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுகள் அவர் காதில் விழுந்தன. படைப்பாடல்களும் ஆங்கில, ஸ்காட்லாந்து, அயர்லாந்து நடனமெட்டுகளும் அவற்றில் உண்டு. அவற்றுக்கு அவர் வடமொழியில் சாகித்தியம் எழுதினார். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் நொட்டுசுவரம் என்ற பெயரில் நமக்குக் கிடைக்கின்றன. இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டு, அவர் கையில் சியாமளா தேவியின் துதியாயிற்று. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரோ ஐரோப்பியரின் பிடிலைக் கற்று, கர்நாடக இசைக்கு அதைக் கொண்டுவந்தவர். பின்னர் எட்டயபுரம் அரசவையில் வித்துவானாக இருந்தார்.

அயர்லாந்துப் பிடிலில் ஜப்பானிய கேம் மெட்டு ஏறியதைக் கண்டு வியந்தோமே, அதே பிடிலும் அதே வகை நடனமெட்டும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டன!

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நொட்டுசுவரங்களிலும் தீட்சிதரின் ‘குருகுஹ’ முத்திரை வருகிறது. ஆக்கியவர் யார் என்று பாட்டே சொல்லிவிடும். திருப்பாவையும் அப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் அரையர் சேவையில் ஒரு நடையில் ஒலிக்கிறது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் இராகங்கள் அமைத்தபின் கச்சேரி மேடையில் வேறொரு நடையில் ஒலிக்கிறது. மார்கழி அதிகாலையில் ஒலிபெருக்கியில் இன்னொரு நடை. எத்தனை முறை இசையாடை மாறினாலும் கோதையின் பெயர் அழியவில்லை. முப்பதாம் பாசுரத்தில் தன் பெயரைத் தானே பொறித்துவிட்டாள் அல்லவா?

சொல்லுள்ள பாட்டுக்கு முத்திரை வைக்கலாம். சொல்லில்லாத மெட்டுக்கு எங்கே முத்திரை வைப்பது? கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளை முதன்முதலில் உருவாக்கிய குழலூதிகளும் பிடில்காரர்களும் பெரும்பாலும் பெயரற்றே போயினர். 1904இல் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சேற்றியிராவிட்டால், தீட்சிதர் பரம்பரையின் இசையிலும் எவ்வளவு மிஞ்சியிருக்குமோ நாம் அறியோம். இசையைக் கைக்குக் கைக் கடத்துவது ஒரு பணி; இன்னாருடையது என்று எழுதி வைப்பது இன்னொரு பணி. இரண்டாவதில் நாம் எப்போதும் சோம்பேறிகள்.

மலைக்கு அந்தப் பக்கம்

பிளவக்கல் மலைக்கு அப்பால், உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர் இளையராஜா. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது, வயற்காட்டு மெட்டைத் திரையிசையின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார் என்று ஊரே பேசியது. மெட்டுக்குக் கீழே அவர் நெய்த மேலைச் சுரக்கூட்டுகளும் எதிர்மெட்டுகளும் பிறகுதான் மெல்ல மெல்லக் காதுக்குப் புலப்பட்டன.

‘காசில்வேனியா’வும் முதல் ‘டிராகன் குவெஸ்ட்’டும் வெளிவந்த அதே 1986ஆம் ஆண்டில் இளையராஜா இரண்டு காரியங்கள் செய்தார். ‘புன்னகை மன்னன்’ படத்தில் கணினி வழியாகக் கோத்த இசையை ஒலிக்கவைத்தார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் சொல்லில்லா இசைத்தட்டை வெளியிட்டார். கர்நாடக இராகமும் பாக்கின் எதிர்மெட்டு முறையும் அதில் கைகோத்தன. சில இடங்களில் கிதாரும் முரசும் சேர்ந்துகொண்டன. அதன் பெயரே இதற்கு என்ன பெயரிடுவது என்ற கேள்விதான்! ஜப்பானில் சில்லுக்குள்ளிருந்தும் தமிழ்நாட்டில் வயலிலிருந்தும் புறப்பட்ட இருவேறு இசைகள், ஒருவரையொருவர் அறியாமல், ஏறக்குறைய ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தன.

அந்த இளையராஜாவின் பாட்டைத்தான் நையாண்டி மேளம் திரும்ப எடுத்து, கிராமத்துக்கே கொண்டுபோயிற்று. அன்று மாலை நாங்கள் கேட்டது அதைத்தான். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, உறுமி, தமுக்கு, தாளம். குழுவுக்குக் குழு சற்று மாறும். பாடகரின் மெட்டு முதல் நாகசுரத்துக்குப் போகிறது. இடையிசையில் வயலின்கள் வாசித்த பகுதியை இரண்டு நாகசுரங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. கிதாரின் தாளக்கட்டை உறுமியும் பம்பையும் தம் மொழியில் பேசுகின்றன. நாகசுரத்தில் ஏறாத சுரத்தை வளைத்து, இன்னொரு வழியாகக் கொண்டுவந்து சேர்க்கிறார் வாசிப்பவர். சரணத்துக்குப் பிறகு தவில்காரர் நடையை மாற்றி, பாட்டில் இல்லாத ஒரு தனியை வாசித்துவிட்டு, மெட்டின் வாசலில் சரியாக வந்து இறங்குகிறார்.

முப்பது நாற்பது கருவிகளுக்கு எழுதப்பட்ட இசையை எட்டுப் பேருக்குள் மடக்குவதும், மடக்கியதை மீண்டும் வேறு திசையில் விரிப்பதும் எவ்வளவு நுட்பமான வேலை! ஃபேமிகாமின் மூன்று குரல்களோடு போராடியவர்கள் செய்ததும் இதைத்தான். ‘பிளாக் மேஜஸ்’ செய்ததும் இதைத்தான். அவர்கள் செய்தால் மறு ஆக்கம் என்கிறோம். இவர்கள் செய்தால் சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள் என்று கடந்துபோகிறோம்.

எல்லா மறு ஆக்கமும் சிறந்ததென்று நாம் வாதிடவில்லை. மின்கிதாரை ஓங்கி மீட்டி வேகத்தைக் கூட்டியதோடு நின்றுவிட்ட கேம் இசை வாசிப்புகள் ஏராளம். திரைப்பாடலின் நிழலை மட்டும் வாசிக்கும் மேளங்களும் உண்டு. மூலத்தில் ஒளிந்திருந்த ஒன்றைக் கேட்கச் செய்கிறதா என்பதே உரைகல். அந்த உரைகல்லில் தேறுபவை குறைவு. தேறுபவை, மூலத்தை மறக்கடிப்பதில்லை. இயற்றியவர் யார் என்று தேட வைக்கின்றன. தங்களுக்குப் பிடித்த மெட்டை இயற்றியது யார் என்று இரசிகர்கள் விடாமல் கேட்டதாலும்தான் ஜேம்ஸ் பனானாவுக்குப் பின்னாலிருந்த யமஷிதாவின் பெயர் வெளியுலகில் நிலைபெற்றது.

காலம் இன்னொரு வட்டத்தையும் சுற்றி முடித்திருக்கிறது. 2023இல் கனடாவின் டொராண்டோவிலிருந்து ‘விசை கேம்ஸ்’ குழு ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. இட்லியும் பிரியாணியும் சமைத்துக்கொண்டே கதையை நகர்த்த வேண்டும். அடுப்படி வானொலியில் வெவ்வேறு காலத் தமிழ்த் திரையிசையை நினைவூட்டும் பாடல்கள் ஒலிக்கும். அவை அந்த விளையாட்டுக்கென்றே புதிதாக இயற்றப்பட்டவை. மறு ஆண்டு அது பிரிட்டனின் பாஃப்டா விருதும் பெற்றது. வயலிலிருந்து திரைக்குப் போன மெட்டு, திரையிலிருந்து கேமுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அங்கிருந்து அதை ஒரு நையாண்டி மேளம் எடுத்து வாசிக்கும் நாள் வராது என்று யாரால் சொல்ல முடியும்? வந்தால் அது புதுமையாக இராது. வீடு திரும்பலாகவே இருக்கும்.

அன்றைய கொடையில் மேளம் ஓய்ந்தபின் நாங்கள் அருகே சென்று பேசினோம். சுவரில் ஒட்டியிருந்த விழா நோட்டீசில் நன்கொடையாளர் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒலி, ஒளி அமைப்பாளர் பெயரும் இருந்தது. மேளத்துக்கு நேரே, நையாண்டி மேளம் என்ற இரண்டு சொற்கள் மட்டும். தவில்காரரிடம், ‘அண்ணே, உங்க பேரு?’ என்று கேட்டோம். எதற்கு என்பதுபோல ஒரு கணம் பார்த்தார். பிறகு தம் பெயரைச் சொன்னார். அதோடு நிற்காமல் உடனிருந்த ஏழு பேரின் பெயரையும் ஊரையும், தமக்குத் தவில் சொல்லிக்கொடுத்தவர் பெயரையும் வரிசையாகச் சொன்னார். கையிலிருந்த பயணச்சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டோம். இடம் போதவில்லை.

வாசகர்களும் அடுத்த கொடையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.